ஜெர்மன் இலக்கியம், சினிமா கற்றுக்கொடுக்கும் பேராசிரியர் வேலை எப்படி இருக்கும்?

ஜெர்மன் இலக்கியத்தில் முதுகலை முடிக்கப் போகிற ஒருவர் கேட்டிருக்கிறார்: அமெரிக்காவில் முனைவர் பட்டம் படித்து, அங்கேயே ஜெர்மன் இலக்கியம், சினிமா, பண்பாடு கற்றுக்கொடுக்கும் பேராசிரியராக ஆசை, அந்த வேலையில் தினசரி என்னதான் செய்வார்கள், சினிமாவுக்கு ஜெர்மன் துறையில் என்ன வேலை, ஜெர்மன் தாய்மொழி இல்லாதவரால் இதில் நிற்க முடியுமா? நான் அங்கே ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தின் ஜெர்மன் துறையில் 20 வருடங்களுக்கு மேல் இருந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இந்த வேலைக்கு வருகிற எல்லோரும் கதேயையோ காஃப்காவையோ செலானையோ நினைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். வந்த முதல் வருடமே கையில் கிடைப்பது 'டெர், டீ, டாஸ்', அதாவது ஜெர்மனில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பாலுக்கு ஏற்ப வரும் சின்னச் சொற்கள். முனைவர் பட்ட மாணவருக்குக் கட்டணம் தள்ளுபடியாகி மாதாமாதம் ஒரு தொகை வருவதே பெரும்பாலும் அவர் ஆரம்பநிலை மொழி வகுப்பு எடுப்பதற்காகத்தான். காலை ஒன்பது மணி, வாரத்தில் நான்கு நாள், எதிரே இருபது பேர், அதில் பாதிப் பேர் பட்டம் வாங்க மொழிப் பாடம் ஒன்று கட்டாயம் என்பதால் வந்து உட்கார்ந்திருப்பவர்கள். பேராசிரியர் ஆனதும் இது விட்டுப்போகும் என்று நினைக்காதீர்கள். பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களில் குறையும். நான்கைந்து ஆசிரியர்கள் மட்டுமே உள்ள துறைகளில், அப்படிப்பட்ட துறைகள்தான் நிறைய, ஓய்வு பெறும் வருடம் வரை மொழி வகுப்பு கூடவே வரும்.

இதைச் சுமை என்று சொல்லும் சக ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒருநாளும் அப்படித் தோன்றியதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். செமஸ்டருக்குப் பதினைந்து வாரம், வாரத்துக்கு நான்கு மணி நேரம், நான்கு செமஸ்டர், மொத்தம் 240 மணி நேரம். அங்கே பெரும்பாலான மாணவர்கள் கல்லூரிக்கு வந்த பிறகுதான் ஜெர்மன் படிக்கவே தொடங்குகிறார்கள், அதனால் இந்த 240 மணி நேரத்துக்குள் ஒருவரைப் பூஜ்யத்திலிருந்து ஒரு சிறுகதை படிக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து விட வேண்டும். தமிழ் இலக்கியம் சொல்லிக்கொடுப்பவருக்கு வாசகர் ஏற்கெனவே தயாராக வருகிறார். நமக்கு அப்படியில்லை, நம்முடைய வாசகரை நாமே உண்டாக்க வேண்டும். மூன்றாம் வருடக் கவிதை வகுப்பில் பேசும் ஒவ்வொரு மாணவரையும் முதல் வருடத்தில் யாரோ ஒருவர் கையைப் பிடித்து எழுத வைத்திருக்கிறார்.

அதோடு இலக்கணம் வேறு, இலக்கியம் வேறு என்று பிரித்துப் பார்ப்பதே இந்த வேலையில் பெரிய தவறு என்பது என் கருத்து. ஒரு உதாரணம் சொல்கிறேன். ஜெர்மன் இயக்குநர் ஃபாஸ்பிண்டர் 1974-இல் எடுத்த 'ஆங்ஸ்ட் எஸ்ஸன் ஸேலெ அவுஃப்' படத்தின் தலைப்பே இலக்கணப் பிழை. 'பயம் ஆன்மாவைத் தின்றுவிடும்' என்று பொருள். சரியான ஜெர்மனில் 'ஆங்ஸ்ட் இஸ்ட் டீ ஸேலெ அவுஃப்' என்று வர வேண்டும், ஏனென்றால் 'எஸ்ஸன்' என்ற வினை ஒருமையில் 'இஸ்ட்' என்று மாறும், பெயருக்கு முன்னால் 'டீ' வேண்டும். இந்த மாற்றம் முதல் செமஸ்டர் பாடம், அதனால் முதல் செமஸ்டர் மாணவரே பிழையைக் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்ததும் வகுப்பில் ஒரு சந்தோஷம் வரும், அதை வரவிட வேண்டும். அப்புறம்தான் கேட்க வேண்டும்: இதை யார், யாரிடம் சொல்கிறார்? ம்யூனிக்கில் கூலி வேலைக்கு வந்த மொராக்கோக்காரன் அலி, தன்னைவிடப் பல வயது மூத்த, துப்புரவு வேலை பார்க்கும் விதவை எம்மியிடம் சொல்கிறான். எம்மி அதைத் திருத்துவதில்லை, அழகாக இருக்கிறது என்கிறாள். ஊரே அவனுடைய பேச்சையும் நிறத்தையும் பார்த்து முகம் சுளிக்கும்போது அவள் மட்டும் அவன் சொன்னதைக் கேட்கிறாள். பிழையைத் திருத்தத் துடித்த மாணவர்கள் இந்த இடத்தில் அமைதியாகிவிடுவார்கள். வினைத்திரிபு தெரியாதவருக்கு இந்தக் காட்சியின் பாதி கிடைக்காது.

அதே படத்தில் கல்யாணம் முடிந்ததும் எம்மி அவனை ஓர் உணவகத்துக்கு அழைத்துப்போகிறாள், ஹிட்லர் வழக்கமாகச் சாப்பிட்ட இடமாம், அங்கே ஒருமுறை சாப்பிட வேண்டும் என்று வெகுநாள் ஆசையாம். தன் குடும்பம் நாஜிக் கட்சியில் இருந்ததையும் தானும் இருந்ததையும் சர்வசாதாரணமாகச் சொல்லக்கூடிய, மனதில் கெட்ட எண்ணம் இல்லாத ஒரு பெண். போருக்குப் பிந்தைய மேற்கு ஜெர்மனி தன் பழைய காலத்தை எப்படிச் சுமந்தது என்பதை நான் பத்துப் பக்கக் கட்டுரையில் சொல்லியும் புரியவைக்க முடிந்ததில்லை, இந்தச் சில நிமிடங்கள் புரியவைத்துவிடும்.

காஃப்காவுக்கு வருகிறேன். 1915-இல் வந்த 'உருமாற்றம்' கதையின் முதல் வாக்கியத்துக்கு மட்டும் நான் ஒரு முழு வகுப்பு ஒதுக்குவேன். கலக்கமான கனவுகளிலிருந்து ஒருநாள் காலை விழித்த கிரெகோர் சாம்சா, தன் படுக்கையில் தான் ஒரு பிரம்மாண்டமான அருவருப்பான ஜந்துவாக மாறிக் கிடப்பதைக் காண்கிறான். ஜெர்மனில் அந்த வாக்கியத்தின் கடைசிச் சொல் 'ஃபெர்வாண்டெல்ட்', அதாவது 'மாறிய'. என்ன ஆனான் என்பது அந்தக் கடைசிச் சொல் வரைக்கும் முடிவாவதில்லை. ஆங்கிலத்தில் யோசித்துப் பழகிய மாணவர்களுக்கு வினைச்சொல்லுக்காகக் காத்திருப்பது பெரிய வேதனை, பாதியிலேயே முடிவு கட்டிவிடுவார்கள். தமிழில் வளர்ந்த நமக்கு வினைமுற்று கடைசியில் வருவது மூச்சு விடுவது மாதிரி. அந்தப் பொறுமை நம்மிடம் பிறப்பிலேயே இருக்கிறது, அதை எப்படி இன்னொருவருக்குக் கற்றுக்கொடுப்பது என்று யோசித்துத்தான் நான் நல்ல ஆசிரியர் ஆனேன்.

அந்த வாக்கியத்தில் 'உன்' என்ற எதிர்மறை முன்னொட்டு மூன்று தடவை வருகிறது: அமைதியற்ற கனவு, அளவுக்கு அடங்காத பருமன், பிறகு 'உங்கெட்ஸீஃபர்'. இந்தக் கடைசிச் சொல்லின் பழைய வேர், பலியிடத் தகாத விலங்கு என்ற பொருளுக்குப் போகிறது. எந்தப் பூச்சி என்று சொல் சொல்வதில்லை, வேண்டாதது என்று மட்டும் சொல்கிறது. புத்தக அட்டைக்குப் படம் போடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் காஃப்கா பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார், அந்தப் பூச்சியை வரையவே கூடாது, தூரத்தில் இருப்பதாகக்கூடக் காட்டக் கூடாது என்று. மாணவர்களிடம் முதலில் பூச்சியை வரையச் சொல்வேன், பிறகு இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்வேன். ஒரு முன்னொட்டு என்ன செய்யும் என்று அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்காது.

இன்னொன்று, 'ஜெர்மன் இலக்கியம்' என்றால் ஜெர்மனி என்ற நாட்டின் இலக்கியம் என்று நினைத்துத்தான் மாணவர்கள் வருவார்கள். காஃப்கா ப்ராக் நகரத்துக்காரர். செலான் 1920-இல் பிறந்த செர்னோவிட்ஸ் இன்று உக்ரைனில் இருக்கிறது, அவருடைய அப்பாவும் அம்மாவும் நாஜிகளின் கட்டுப்பாட்டில் இருந்த முகாமில் மாண்டுபோனார்கள், அவர் பாரிஸில் வாழ்ந்துகொண்டு கொன்றவர்களின் மொழியிலேயே, அதுதான் அம்மாவின் மொழியும் என்பதால், கவிதை எழுதினார். பாக்மன் ஆஸ்திரியா, ட்யூரன்மாட் சுவிட்சர்லாந்து, கிறிஸ்டா வோல்ஃப் இன்று இல்லாத கிழக்கு ஜெர்மனி. மொழி ஒன்று, நாடு பல, அதில் சில நாடுகள் காணாமலே போய்விட்டன. இதைப் புரியவைக்காமல் 'பண்பாடு' என்ற பெயரில் பீர் திருவிழாவையும் கிறிஸ்துமஸ் சந்தையையும் காட்டிவிட்டுப் போகிற பாடங்களை நான் மனதார எதிர்த்திருக்கிறேன்.

சரி, சினிமா. கேள்வியில் ஒரு சந்தேகம் தொனிக்கிறது, இது மாணவர்களை இழுக்கப் போடும் தூண்டிலா என்று. ஒரு பங்கு ஆமாம். சினிமா வகுப்புகளை ஆங்கிலத்தில், துணைத்தலைப்போடு நடத்தலாம், அதனால் பொறியியல், உளவியல் படிக்கிறவர்கள்கூட வந்து சேர்வார்கள், எண்ணிக்கை கூடினால் துறை பிழைக்கும். அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் 1970-களில் அமெரிக்காவின் ஜெர்மன் துறைகளுக்குள் சினிமா வந்ததற்குக் காரணம் அது மட்டுமில்லை. ஃபாஸ்பிண்டர், ஹெர்ட்ஸோக், வெண்டர்ஸ், மார்கரெத்தெ ஃபான் ட்ரோட்டா என்று ஒரு தலைமுறை அப்போதுதான் படம் எடுத்துக்கொண்டிருந்தது. 1962-இல் ஓபர்ஹௌஸன் ஊரில் 26 இளைஞர்கள் பழைய சினிமா செத்துவிட்டது என்று அறிக்கை விட்டதன் பலன் அது. அதே சமயம், கவிதையையும் நாவலையும் மட்டும் வைத்துக்கொண்டு 1933 முதல் 1945 வரையான நாஜி ஆட்சிக் காலத்தை விளக்க முடியாது என்ற எண்ணமும் ஆசிரியர்களிடம் வலுத்தது. சினிமா விமர்சகர் கிராகௌவர் நியூயார்க்கில் அகதியாக இருந்தபடி, வைமர் குடியரசு காலத்து (1918-33) ஜெர்மன் படங்களுக்குள் ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மானிய மனதைத் தேடி 1947-இல் ஒரு புத்தகம் வெளியிட்டிருந்தார். அவருடைய வாதத்தை நான் முழுசாக ஏற்கவில்லை, முடிவு தெரிந்தபின் திரும்பிப் பார்த்தால் எல்லாப் படமும் அந்த முடிவையே சொல்வது போலத்தான் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் அதைப் பாடமாக வைப்பேன், மாணவர்கள் அதோடு சண்டை போட்டுத்தான் படம் பார்க்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

கற்றுக்கொள்வது என்றால் எப்படி? ஃப்ரிட்ஸ் லாங் 1931-இல் எடுத்த 'எம்', அவருடைய முதல் பேசும் படம். குழந்தைகளைக் கொல்லும் ஒருவன். எல்ஸி என்ற சிறுமி பள்ளியிலிருந்து வீடு திரும்பவில்லை. அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். காலியான மாடிப்படி, துணி தொங்கும் ஆளில்லாத பரண், சாப்பாட்டு மேசையில் தொடப்படாத தட்டு, புதரிலிருந்து உருண்டு வரும் பந்து, தந்திக் கம்பியில் சிக்கிய பலூன். கொலையே காட்டப்படவில்லை. வகுப்பில் அந்தச் சில வினாடிகளை நிறுத்தி நிறுத்திப் போட்டு, பார்த்ததை மட்டும் எழுதுங்கள், உணர்ந்ததை எழுதாதீர்கள் என்பேன். முதல் தடவை எல்லோரும் 'சோகமான காட்சி' என்றுதான் எழுதுவார்கள். நான்காவது தடவைதான் ஒருவர் எழுதுவார், குரல் கேட்கும் இடங்களில் எல்லாம் ஆள் இல்லை என்று. கவிதை வாசிப்பதற்கும் இதே பயிற்சிதான் வேண்டும். சினிமா வகுப்பில் இதைப் பழகியவர்கள் செலானின் கவிதைக்கு வரும்போது வேறு மாதிரி வாசிக்கிறார்கள்.

ஆரம்பத்தில் படத்தைக் கொண்டுவருவதே பெரிய பாடு. ஜெர்மனியிலிருந்து ஆசையாக வாங்கிவந்த வீடியோ கேசட் அமெரிக்க இயந்திரத்தில் ஓடாது, ஜெர்மனியில் PAL, அமெரிக்காவில் NTSC என்று வீடியோ முறையே வேறு. டிவிடி வந்ததும் மண்டலக் குறியீடு என்று அடுத்த பூட்டு. இந்த விஷயத்தில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் 1993-இல் தொடங்கிய டெஃபா திரைப்பட நூலகம் எங்களுக்குச் செய்த உதவி சாதாரணமானதல்ல. டெஃபா என்பது கிழக்கு ஜெர்மனியின் அரசுப் படநிறுவனம், 1946-இல் தொடங்கியது. அந்த நூலகம் இல்லையென்றால் எங்கள் மாணவர்களுக்குக் கிழக்கு ஜெர்மனி என்பது வெறும் பெர்லின் சுவரும் ரகசியப் போலீசும்தான். 1965 டிசம்பரில் ஆளும் கட்சியின் மத்தியக் குழு கூடிக் கிட்டத்தட்ட ஒரு வருடத்துப் படங்களை முடக்கிப்போட்டது, அதில் ஒன்றின் தலைப்பில் முயல் இருந்ததால் அவற்றுக்கெல்லாம் 'முயல் படங்கள்' என்று பெயர் வந்தது, சுவர் விழும் சமயத்தில்தான் அவை வெளியே வந்தன. அந்த நாட்டைப் பற்றி 2006-இல் மேற்கு ஜெர்மனியில் பிறந்த இயக்குநர் ஒருவர் எடுத்த 'தாஸ் லேபன் டெர் ஆண்டரன்' ('மற்றவர்களின் வாழ்க்கை') ஆஸ்கர் வாங்கியது, மாணவர்களுக்கு மிகவும் பிடிக்கும். அதைப் போட்ட அடுத்த வாரம் ஒரு முயல் படத்தைப் போட்டுவிட வேண்டும். அங்கே வாழ்ந்தவர்களே தங்கள் நாட்டோடு எப்படி வாதாடினார்கள் என்று அப்போது தெரியும்.

நாஜிப் பிரச்சாரப் படங்களைக் காட்டலாமா என்று ஒவ்வொரு புது ஆசிரியரும் கேட்பார். காட்டத்தான் வேண்டும், ஆனால் சும்மா ஓட விடக் கூடாது. 1940-இல் வந்த யூத வெறுப்புப் படமான 'யூட் ஸ்யூஸ்' மாதிரி சுமார் 40 படங்களை ஜெர்மனியில் இன்றைக்கும் முன்னுரையும் விவாதமும் இல்லாமல் பொதுவில் திரையிட முடியாது, உரிமை வைத்திருக்கும் முர்னாவ் அறக்கட்டளை அப்படி நிபந்தனை வைத்திருக்கிறது. நான் இயக்குநர் ரீஃபன்ஸ்டாலின் நியூரம்பெர்க் நாஜி மாநாட்டுப் படத்திலிருந்து ஒரு பகுதியை முதலில் சத்தம் இல்லாமல் காட்டுவேன், பிறகு சத்தத்தோடு. இரண்டாவது முறை தங்கள் உடம்பே தாளத்துக்கு அசைவதை மாணவர்கள் கவனிப்பார்கள், கவனித்ததும் பயப்படுவார்கள். அந்தப் பயத்தோடு அவர்களை வீட்டுக்கு அனுப்பக் கூடாது, அன்றைக்கே உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் தொடர்ந்து இருக்கிற நாளில் மட்டும்தான் அந்தப் பாடத்தை வைப்பேன்.

இனி வேலையின் படிகள். முனைவர் பட்டத்துக்கு ஐந்து முதல் ஏழு வருடம், சிலருக்கு மேலும். முதல் இரண்டு மூன்று வருடம் பாடங்கள், அப்புறம் பெரிய தகுதித் தேர்வு, பிறகு ஆய்வேடு. இடையில் ஒரு வருடமாவது ஜெர்மனியில் இருந்துவிட வேண்டும், ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) தரும் உதவித்தொகை, அமெரிக்காவின் ஃபுல்பிரைட் உதவித்தொகை இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். மார்பாக்கில் உள்ள இலக்கிய ஆவணக்காப்பகத்துக்குப் போகும் வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். கவிஞர் ஷில்லர் பிறந்த சின்ன ஊர், 1988-இல் ஏலத்தில் சுமார் 10 லட்சம் பவுண்டு கொடுத்துக் காஃப்காவின் 'விசாரணை' நாவலின் கையெழுத்துப் பிரதியை வாங்கி வைத்திருப்பது அந்தக் காப்பகம்தான்.

வேலை தேடுவதுதான் கஷ்டமான கட்டம். முன்பெல்லாம் மொழி, இலக்கிய ஆசிரியர்களின் அமைப்பான நவீன மொழிச் சங்கத்தின் (MLA) மாநாடு கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவே நடக்கும், ஹோட்டல் அறைகளில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துதான் நேர்காணலே. 2011 முதல் மாநாடு ஜனவரிக்கு மாறியது, இப்போது முதல் சுற்று பெரும்பாலும் வீடியோவில் முடிந்துவிடுகிறது. தேறினால் வளாகத்துக்கு அழைப்பார்கள், அங்கே ஓர் ஆராய்ச்சி உரை, ஒரு மாதிரி வகுப்பு. உரைக்கு மாதக்கணக்கில் தயாராகிறவர்கள் மாதிரி வகுப்பைக் கோட்டை விட்டதை, தேர்வுக் குழுவில் உட்கார்ந்து பலமுறை பார்த்திருக்கிறேன். பத்து நிமிடத்தில் நான்காம் வேற்றுமையை ஒரு புது வகுப்புக்குச் சொல்லித்தரத் தெரிந்தவரை எங்கள் குழு கைவிட்டதில்லை.

கிடைக்கும் வேலை நிரந்தரத்துக்கான வரிசையில் உள்ளதா, ஒன்றிரண்டு வருட ஒப்பந்தமா என்பதைப் பொறுத்து வாழ்க்கையே மாறும். வரிசையில் இருந்தால் சோதனைக் காலம் ஏழு வருடத்துக்கு மேல் போகக் கூடாது என்று 1940-இலேயே பேராசிரியர் சங்கம் வகுத்த நெறி இருக்கிறது, அதனால் வழக்கமாக ஆறாம் வருடம் உங்கள் கோப்பு பரிசீலனைக்குப் போகும். ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் அதற்குள் ஆய்வேடு புத்தகமாகியிருக்க வேண்டும். கிடைத்தால் டென்யூர், அதாவது நிரந்தரப் பணி, கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஜெர்மனிக்கே போய்விடலாமே என்று தோன்றும். அங்கே முனைவர் பட்டத்துக்கு மேல் ஹாபிலிடாட்சியோன் என்று இன்னொரு பெரிய ஆய்வு வழக்கம், 2007-இல் வந்த சட்டப்படி பட்டத்துக்கு முன் ஆறு வருடம், பின் ஆறு வருடம் வரைதான் ஒருவரைத் தற்காலிக ஒப்பந்தத்தில் வைத்திருக்கலாம், அதற்குள் நிரந்தர இடம் அமையாதவர்கள் நாற்பது வயதில் வேலை இல்லாமல் நிற்கிறார்கள். 2021-இல் 'நான்தான் ஹன்னா' என்ற குறிச்சொல்லில் ஆயிரக்கணக்கானோர் அங்கே கொதித்து எழுதியது இதைப் பற்றித்தான்.

இந்தத் துறையின் வேலைகள் உலக அரசியலோடு ஏறி இறங்குகிறவை, இதையும் தெரிந்துகொண்டு வாருங்கள். ஹார்வர்டில் 1825-இல் முதன்முதலாக ஜெர்மன் கற்றுக்கொடுத்த கார்ல் ஃபோலன் அரசியல் காரணமாகத் தப்பி ஓடிவந்தவர், மாணவர்களுக்குப் பாடநூல் இல்லாததால் தானே ஒன்றைத் தொகுத்தார். 1835-இல் அவருடைய வேலை போனதில் அடிமை முறையை எதிர்த்து அவர் பேசியதற்குப் பெரிய பங்கு உண்டு. 1915 வாக்கில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் சுமார் நான்கில் ஒருவர் ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தார், முதல் உலகப் போர் வந்து போனபின் 1922-இல் அது நூற்றில் ஒருவர்கூட இல்லை. நெப்ராஸ்கா மாநிலம் எட்டாம் வகுப்புக்குள் பிறமொழி கற்பிப்பதையே 1919-இல் குற்றமாக்கியது, பத்து வயதுப் பிள்ளைக்கு ஜெர்மன் வாசிக்கச் சொல்லிக்கொடுத்த மேயர் என்ற ஆசிரியருக்கு 25 டாலர் அபராதம் போட்டார்கள், அவர் விடாமல் போராடி 1923-இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். பிறகு 1957-இல் சோவியத்தின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் பறந்ததும் மறுவருடமே அமெரிக்க அரசு மொழிக் கல்விக்குப் பணத்தைக் கொட்டியது. இப்போது மறுபடி இறக்கம். 2016-க்கும் 2021-க்கும் இடையில் அமெரிக்கக் கல்லூரிகளில் ஜெர்மன் படிப்பவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள், 2023-இல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் மொழிப் பட்டப்படிப்புகளையே மூடியது. நான் வேலை பார்த்த இடத்திலும் ஒரு வருடம், பத்துப் பேர் சேரவில்லை என்று செலான் வகுப்பை ரத்து செய்தார்கள், சேர்ந்திருந்தவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேரோடு வெள்ளிக்கிழமை மாலைகளில் கணக்கில் வராத வகுப்பாக அதை நடத்தினேன். என் வாழ்க்கையில் நடத்திய வகுப்புகளில் சிறந்தது அதுதான், ஆனால் அது அப்படி நடந்திருக்கக் கூடாது என்ற கோபம் இன்னும் இருக்கிறது.

இந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று யோசிக்கும்போது எனக்கு ரூத் க்ளூகர்தான் நினைவுக்கு வருவார். வியன்னாவில் 1931-இல் பிறந்தவர், சிறுமியாகவே தெரேஸியன்ஷ்டாட், ஆஷ்விட்ஸ் என்ற நாஜி முகாம்களைக் கடந்தவர். பிழைக்கக் காரணம், முகாமில் வேலைக்கு ஆள் பிரிக்கும் வரிசையில் பன்னிரண்டு வயதைப் பதினைந்து என்று சொன்னது. 1947-இல் அமெரிக்கா வந்து, பெர்க்லியில் முனைவர் பட்டம் வாங்கி, பிரின்ஸ்டனிலும் இர்வைனிலும் அதே ஜெர்மன் இலக்கியத்தைக் கற்றுக்கொடுத்தார். 1988-இல், கலிஃபோர்னிய மாணவர்களின் வெளிநாட்டுப் படிப்புத் திட்டத்துக்குப் பொறுப்பாளராகக் கோட்டிங்கனில் இருந்தபோது சைக்கிள் மோதித் தலையில் பலமான அடி, குணமாகிவரும் நாட்களில்தான் தன் நினைவுகளை எழுதத் தொடங்கினார், 1992-இல் 'வைட்டர் லேபன்' ('தொடர்ந்து வாழ்தல்') வெளிவந்தது. ஜெர்மனில் எழுதினார், ஜெர்மானியர்களுக்கு எழுதினார். கற்றுக்கொடுப்பது, மாணவர்களை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போவது, ஆய்வு, எழுத்து எல்லாமே அவரிடம் ஒரே வேலையாக இருந்தன.

கடைசிக் கேள்வி, தாய்மொழி இல்லாதவர் நிற்க முடியுமா என்பது. தாராளமாக. 'டெர்' வேற்றுமைக்கு ஏற்ப மாறும்போது ஏன் 'டேம்' வருகிறது, ஏன் 'டென்' வருகிறது என்று தாய்மொழிக்காரருக்குத் தெரியாது, காதுக்குச் சரியாகப் பட்டது என்பார். நமக்கு ஒவ்வொரு விதியையும் எந்த வருடம் எந்தப் புத்தகத்தில் போராடிக் கற்றோம் என்பது நினைவிருக்கும், மாணவர் எங்கே தடுக்குவார் என்று முன்னாலேயே தெரியும். உச்சரிப்புக்குக் கொஞ்சம் உழையுங்கள், ஆனால் அதற்காகப் பயந்து வாயை மூடிக்கொள்ளாதீர்கள்.

எமினே செவ்கி ஓஸ்தமார் துருக்கியில் மலாத்யாவில் 1946-இல் பிறந்தவர், 1965-இல் ஒரு சொல் ஜெர்மன் தெரியாமல் பெர்லின் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர், 2022-இல் ஜெர்மன் இலக்கியத்தின் மிகப் பெரிய விருதான ப்யூஷ்னர் பரிசைப் பெற்றார். 1990-இல் வந்த அவருடைய முதல் கதைத் தொகுப்பின் பெயர் 'முட்டர்ட்ஸுங்கெ', தாய்நாக்கு. ஜெர்மனில் அப்படி ஒரு சொல் வழக்கில் இல்லை, தாய்மொழிக்கு 'முட்டர்ஷ்ப்ராஹெ' என்பார்கள். துருக்கி மொழியில் நாக்குக்கும் மொழிக்கும் ஒரே சொல், அதை அப்படியே ஜெர்மனுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார். என் மொழியில் நாக்கு என்றால் மொழி, நாக்குக்கு எலும்பு கிடையாது, திருப்புகிற பக்கம் திரும்பும் என்று தொடங்குகிறது கதை. நாம் நரம்பில்லாத நாக்கு என்போம், அவர்கள் எலும்பில்லாத நாக்கு என்கிறார்கள். அந்தத் தொடக்கத்தில் கடினமான சொல் என்று ஒன்றுகூட இல்லை, ஆறேழு மாதம் ஜெர்மன் படித்தவர் அகராதி இல்லாமல் வாசித்துவிடலாம். ஆரம்ப வகுப்பு இரண்டாவது செமஸ்டரின் கடைசி வாரத்தில் அதைப் பலகையில் எழுதிவிட்டுச் சும்மா நிற்பேன். பின்வரிசையில் யாராவது ஒருவர் மெதுவாக, சத்தமாக வாசிக்கத் தொடங்குவார்.